உன் சித்தப்பாவின் கார் இன்னும் என் பெயரில்தான் இருக்கிறது

நீ பெங்களூரிலிருந்து கேட்டது ஒரே ஒரு கேள்வி. கூட வேலை பார்க்கும் நண்பன் தன் பழைய காரை விற்கிறான், நன்றாகத் தெரிந்தவன், வாங்கலாமாப்பா என்று கேட்டாய். போனிலேயே வாங்கு என்றோ வேண்டாம் என்றோ சொல்லியிருக்கலாம். எழுதி அனுப்புகிறேன் என்றேன். நீ சிரித்தாய். பின்னால் உன் மனைவி சிரித்ததும் கேட்டது. பரவாயில்லை, கல்யாணமான புதிதில் சிரிக்கக் காரணம் தேவையில்லை. ஆனால் தெரிந்தவர்களுக்குள் கார் கைமாறினால் என்னவெல்லாம் ஆகும் என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்தத் திருச்சியில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. விற்றவன் நான், வாங்கியவன் உன் சித்தப்பா. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படி.

நாங்கள் இருவரும் இத்தனை வருஷமாகப் பேசிக்கொண்டதில்லை என்பது உனக்குத் தெரியும். ஏன் என்பது தெரியாது. நீ கேட்ட போதெல்லாம் "பெரியவங்க விஷயம், உனக்கெதுக்கு" என்று உன் அம்மா தட்டிக் கழித்துவிடுவாள். நீ சொத்துத் தகராறு என்று நினைத்திருப்பாய். காரணம் ஒரு காந்தம்.

நீ அப்போது கல்லூரி விடுதியில் இருந்தாய். நான் துவாக்குடி வேலையை விட்டிருந்தேன். தினமும் ஓட்டிப்போன வெள்ளைக் கார் தில்லை நகர் ஃபிளாட்டின் கீழே சும்மா நின்றுகொண்டிருந்தது. விற்கப் போகிறேன் என்றதும் உன் சித்தப்பா போன் செய்தான். "வெளியில எவனுக்கோ கொடுக்கிறதுக்கு எனக்கே கொடேண்ணே." எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்ரீரங்கத்திலிருந்து சித்தியோடு வந்தான். காப்பி குடித்தான். கீழே இறங்கி வந்து சட்டைப் பையிலிருந்து வட்டமான ஒரு காந்தத்தை எடுத்தான். கதவு கதவாக, ஓரம் ஓரமாக அதை வைத்துத் தேய்த்துக்கொண்டே போனான். வண்டி எங்காவது மோதி, பள்ளத்தில் பட்டி பூசிப் பெயின்ட் அடித்திருந்தால் அந்த இடத்தில் காந்தம் ஒட்டாது. விபத்தான வண்டியைக் கண்டுபிடிக்க நல்ல வழிதான். ஆனால் அது என் வண்டி. நான் அவனுடைய அண்ணன். ஃபிளாட் சங்கத்துச் செயலாளர் பால்கனியில் நின்று பேப்பர் படிப்பதுபோல எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மீதும் எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது, அதை வேறொரு நாள் சொல்கிறேன்.

"என்னடா இது?"

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டிக்குண்ணே."

"சைக்கிளக்கூட ஒழுங்கா வச்சுக்கத் தெரியாதவன் நீ. என் வண்டிக்குக் காந்தம் வைக்கிறியா? இன்னும் ரெண்டு வருஷத்துல இது எந்தக் காயலான் கடையில நிக்கப் போவுதோ."

சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். அவன் காந்தத்தைப் பையில் போட்டுக்கொண்டான். எல்லா இடத்திலும் அது ஒட்டியிருந்தது என்பதை நீ கவனிக்க வேண்டும். சாவியை வாங்கிக்கொண்டு, பேர் மாற்றுவதை ஆடி கழிந்து பார்த்துக்கொள்ளலாம் என்றான். "ஆடிக்கும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் என்னடா சம்பந்தம்?" என்று கேட்டேன். அவ்வளவுதான், அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. ஆவணி பிறந்தது. வாங்கியவன்தானே கையெழுத்துக்கு வர வேண்டும் என்று நான் இருந்தேன். பெரியவன்தானே கூப்பிட வேண்டும் என்று அவன் இருந்திருப்பான். அப்படியே எத்தனையோ ஆவணி போய்விட்டது. உன் கல்யாணத்துக்கு வந்தான், நீயும் அவன் காலில் விழுந்தாய். நான் இருந்த பந்தியை விட்டுவிட்டு அடுத்த பந்தியில் சாப்பிட்டுப் போனான்.

அந்தக் காரைப் பற்றிய தகவல் எல்லாம் எனக்குத்தான் வந்துகொண்டிருந்தது. பதிவு என் பெயரில், போன் நம்பர் என்னுடையது. சத்திரம் பஸ் ஸ்டாண்ட் அருகே நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினான் என்று ஒரு மெசேஜ். இன்ஷூரன்ஸ் முடியப் போகிறது என்று ஒன்று, புதுப்பித்தாகிவிட்டது என்று இன்னொன்று. வருஷம் தவறாமல் "உங்கள் வாகனம் சர்வீஸுக்குப் பெறப்பட்டது", மாலையில் "உங்கள் வாகனம் தயாராக உள்ளது". அந்த சர்வீஸ் சென்டர் நம் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். அங்கே வரைக்கும் வருபவன் இங்கே எட்டிப் பார்ப்பதில்லை என்று முதலில் கோபப்பட்டேன். பிறகு கோபம் போய் ஒரு குறுகுறுப்பு வந்தது. சத்திரத்தில் அந்த வெயிலில் அவனுக்கு என்ன வேலை? சர்வீஸுக்கு ஏன் எப்போதும் செவ்வாய்க்கிழமையே விடுகிறான்? அவன் கடைக்கு அன்று விடுமுறையா? பேசாத தம்பியைப் பற்றி இவ்வளவு யோசித்த அண்ணன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பேசிக்கொண்டிருந்த காலத்தில்கூட அவனைப் பற்றி இவ்வளவு எனக்குத் தெரிந்ததில்லை.

இந்த ஆடியில்தான் அந்த மெசேஜ் வந்தது. குறிப்பிட்ட காலத்தில் தயாரான கார்களில் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் மின்பெட்டி ஒன்றில் குறை இருக்கிறதாம். உள்ளே ஈரம் இறங்கினால் ஷார்ட் சர்க்யூட் ஆகலாம், நின்றுகொண்டிருக்கும் வண்டியிலும் தீப்பிடிக்கலாம். இலவசமாக மாற்றித் தருகிறோம், அதுவரை வண்டியை வீட்டுக்குள்ளோ வீட்டை ஒட்டியோ நிறுத்த வேண்டாம், ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று முடிந்தது. நான் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சாவியை எடுத்த பிறகும் அந்தப் பெட்டிக்கு பாட்டரியிலிருந்து கரண்ட் போய்க்கொண்டே இருக்கும் என்பது புரிந்தது. அதனால்தான் நிற்கும் வண்டியும் எரியும். எனக்கு அதைவிட வியப்பாக இருந்தது அந்தக் கடைசி வரி. விற்றுவிட்ட பொருளை, கேட்காமலேயே, தப்பு எங்களுடையது என்று சொல்லித் திரும்பக் கூப்பிட ஒரு கம்பெனிக்கு எப்படி மனம் வந்தது? யார் முதலில் சொல்லியிருப்பார்? அந்த ஆளுக்கு வேலை இருக்கிறதா, போய்விட்டதா? நான் துவாக்குடியில் ஒரு சின்னத் தொழிற்கூடத்தில் மின்பலகைகள் செய்யும் பிரிவில் இருந்தபோது, அனுப்பிவிட்ட சரக்கில் ஒரு இணைப்பு தளர்வாக இருக்கிறது, திரும்ப வாங்கிச் சரிசெய்து கொடுப்போம் என்று சொன்னேன். "போன சரக்கு போயிடுச்சு சார், நீங்க ஏன் அதைக் கிளர்றீங்க?" என்றார் முதலாளி. அதற்குப் பிறகு என்னை மீட்டிங்குக்குக் கூப்பிடவில்லை. நான் வேலையை விட்ட கதை உனக்குத் தெரியும், ஆனால் காரணம் இதுதான். அந்த முதலாளியை நான் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிப்பதாகவும் இல்லை. ஆகவே இந்த மெசேஜை எழுதிய முகம் தெரியாத ஆள் மீது எனக்கு ஒரு மரியாதை வந்தது.

கம்பெனி எண்ணுக்குப் போன் செய்து வண்டி நம்பரைச் சொன்னேன். ஒரு பெண் பார்த்துவிட்டு, "ஆமா சார், உங்க வண்டி லிஸ்ட்ல இருக்கு" என்றாள். என் வண்டி! அப்போதுதான் உன் சித்தப்பா வீடு கண்முன் வந்தது. ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் சந்தில், கீழ்த்தளத்து முகப்பில் சுவரோடு ஒட்டித்தான் காரை நிறுத்துவான். அதற்கு நேர் மேலே மீட்டர் பெட்டி. அதற்கு மேலே மாடியில் அவர்கள் படுக்கும் அறை.

உன் அம்மா அந்த மெசேஜை அப்படியே சித்திக்கு அனுப்பினாள். பதிலாக இரண்டு கைகூப்பும் படங்கள் வந்தன. காலை வணக்கத்துக்கும் மூட்டுவலிக்கு முருங்கைக்கீரை செய்திக்கும் சித்தி அனுப்புகிற அதே கைகள். உன் அம்மா போன் போட்டாள். ஸ்பீக்கரில் கேட்டேன்.

"இந்த மாதிரி நிறைய ஃபார்வர்டு வருதுக்கா. போன வாரம்கூட போன் சார்ஜர் வெடிக்கும்னு ஒண்ணு வந்துச்சு. இவர்கிட்ட காட்டினேன். 'அண்ணனுக்கு அந்த வண்டியக் குறை சொல்லணும், அதுக்கொரு சாக்கு, விடு'ங்கறாரு."

உன் அம்மா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நேர்ல போய்ச் சொன்னாத்தான் நம்புவாங்க. போறீங்களா, இல்ல நான் போகட்டுமா?"

"அவன் எரிஞ்சா எனக்கென்ன?" என்றேன்.

"சட்டையை மாத்திக்கிட்டுப் போங்க, அது கிழிஞ்சிருக்கு" என்றாள். உன் அம்மாவோடு இத்தனை வருஷம் வாழ்ந்தவன் நான், சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

அன்று ஆடிப்பெருக்கு என்பதை நான் மறந்தே போனேன். சத்திரத்தில் ஏறின டவுன் பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்தது. ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. பக்கத்தில் புதுத் தாலிச்சரடு மாற்றப் போகும் பெண்ணும் அவள் மாமியாரும் சித்திரான்னத் தூக்குகளோடு என்னை நசுக்கிக்கொண்டு நின்றார்கள். மாம்பழச்சாலையிலேயே எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து அந்தக் கூட்டத்தில் நடந்தேன். நடக்க நடக்க ஒரு விஷயம் மட்டும் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. ஈரம் இறங்கினால் என்று போட்டிருந்தார்களே, எந்த ஈரம்? மழையா, உள்ளே ஓடும் பிரேக் எண்ணெயா, கழுவுகிற தண்ணீரா?

சந்துக்குள் திரும்பியபோது உன் சித்தப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கார் பானெட்டைத் திறந்து வைத்து, ரப்பர் குழாயால் என்ஜின் மீது தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தான். நல்ல நாள் என்று வண்டியைக் குளிப்பாட்டுகிறான். முன்னால் ஒரு எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் தொங்கின.

"டேய், தண்ணிய நிறுத்துடா!"

இத்தனை வருஷத்துக்குப் பிறகு நான் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். அவன் யார் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் குழாயை மூடினான். சின்ன வயதில் நான் அதட்டினால் மூடுவானே, அதே மாதிரி. பிறகுதான் திரும்பினான். முகம் ஒரு மாதிரி ஆனது.

"வாண்ணே" என்றான். உடனே அவனுக்கே அது பிடிக்கவில்லை. "வண்டியப் பத்தித்தானே? அவ சொன்னா. வாட்ஸப்புல வர்றதெல்லாம் நம்பிக்கிட்டு பஸ் ஏறி வந்தியா?"

என் போனை நீட்டினேன். "இது எனக்கு நேரா வந்தது. ஃபார்வர்டு இல்ல. உன் காந்தத்தை எடுத்துட்டு வா, ஒரிஜினலான்னு வச்சுப் பாரு."

உள்ளிருந்து வந்த சித்தி வாயை மூடிக்கொண்டு சிரித்துவிட்டாள். அவன் அவளை முறைத்துவிட்டு மெசேஜைப் படித்தான். படித்து முடித்ததும் அண்ணாந்து மீட்டர் பெட்டியைப் பார்த்தான். அதற்கு மேலே அறையைப் பார்த்தான். பிறகு, "எங்கண்ணே இருக்கு அந்தப் பெட்டி?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வியில்தான் நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் பிறந்தவர்கள் என்று தெரிந்தது. ரேடியோவைப் பிரித்துப் போட்டு அப்பாவிடம் சேர்ந்து அடி வாங்கியவர்கள் நாங்கள். ஸ்பேனர் கொண்டுவரச் சொல்லி முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்றினேன். இரண்டு தலைகளும் பானெட்டுக்குள் போயின. பெட்டியைக் காட்டினேன். அதன் மேல் வந்து சேரும் வயர்க்கொத்தின் பிளக்கை மெல்ல இழுத்தேன். உள்ளே ஈரம் கசிந்து, ஒரு ஓரம் பழுப்பேறி, பிளாஸ்டிக் உருகத் தொடங்கியிருந்தது. கருகல் வாசனை மூக்கில் ஏறியது.

"ராத்திரி ஏதோ வாசனை வருதுன்னு சொன்னேன்ல, கொசுவத்தின்னீங்க" என்றாள் சித்தி.

பாட்டரியைக் கழற்றியாகிவிட்டது, இனி ஆபத்தில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு எந்தக் கம்பெனி மீதும், எந்தப் பிளக்கின் மீதும் முழு நம்பிக்கை கிடையாது. வண்டியை வீட்டை விட்டு வெளியே கொண்டுபோவோம் என்றேன். சந்தின் கோடியில் ஒரு காலி மனை இருக்கிறது. தள்ளித்தான் போக வேண்டும். நான் பின்னால் போனேன்.

"நீ எதுக்குத் தள்றே? ஸ்டியரிங்ல உட்காரு. வண்டி உன் பேர்லதானே இருக்கு" என்றான்.

குத்தலா, மரியாதையா என்று இன்று வரை எனக்குத் தெரியவில்லை. உட்கார்ந்தேன். அவனும் சித்தியும் தள்ளினார்கள். ஆற்றுக்குப் போகிற கூட்டம் இரண்டு பக்கமும் ஒதுங்கியது. எதிர்வீட்டுக்காரர், "என்ன, பாட்டரி டவுனா?" என்று கேட்டார். "ஆமாங்க, ஸ்டார்ட் ஆவல" என்றான் உன் சித்தப்பா, மூச்சு வாங்கியபடி. அண்ணன் விற்ற வண்டியில் குறை என்று அவன் வாய் சொல்லவில்லை. நான் உள்ளே சுற்றிப் பார்த்தேன். சீட்டில் ஒரு கறை இல்லை. நான் உடைத்த கதவுப் பிடியை மாற்றியிருந்தான். என்னிடம் இருந்த காலத்தில் அது ஒரு நாளும் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. இதை அவனிடம் நான் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன், நீயும் சொல்லாதே.

பிறகு புளியோதரை சாப்பிட்டோம். சித்திதான் அந்தப் பேச்சை எடுத்தாள். "நீங்க அந்தக் காந்தத்தை இன்னும் மனசுல வச்சிருக்கீங்க மாமா. பாத்திரக் கடைக்காரர்ல்ல? சரக்கு எடுக்கப் போனா ஒவ்வொரு எவர்சில்வர்லயும் வச்சுப் பார்ப்பாரு. அது ஒட்டினா மட்டம், ஒட்டலன்னா ஒஸ்தி. பைய விட்டு அது இறங்காது. எங்க கல்யாணத்துல சீர்ப் பாத்திரத்துக்கும் வச்சாரு, எங்கப்பா முன்னாலயே."

"உங்கப்பா என்ன சொன்னார்?"

"நாலு மாசம் எங்க வீட்டுக்கு வரல."

எனக்கு அந்தப் பெரியவர் மீது மிகுந்த மதிப்பு ஏற்பட்டது. அவராவது நாலு மாதத்தில் முடித்துக்கொண்டார். உன் சித்தப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஒட்டுச்சுல்ல? அப்புறமென்ன?" என்று முணுமுணுத்தான்.

இரண்டு நாள் கழித்து சர்வீஸ் சென்டரிலிருந்து வண்டி அனுப்பி இழுத்துக்கொண்டு போனார்கள். நாங்கள் இருவரும் போயிருந்தோம். பழைய பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னேன். அதைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும், பிரிக்கக் கூடாது என்றார்கள். உள்ளே எது பிழைத்தது, எது கெட்டது என்று பார்க்காமல் வந்தது எனக்கு இன்னும் குறையாகவே இருக்கிறது. மேஜையில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "போன் நம்பர் இதேதானே சார்?" என்று என் நம்பரைப் படித்தாள். உன் சித்தப்பா ஆமாம் என்று தலையாட்டினான்.

"அது என் நம்பர்மா. வண்டி வச்சிருக்கிறவர் இவரு."

அவள் குழம்பினாள். "ஒவ்வொரு சர்வீஸுக்கும் கேட்டுத்தான் சார் போடுவோம். மாத்தணுமான்னு கேட்டா, சார் இதையேதான் போடச் சொல்லுவாங்க."

நான் அவன் பக்கம் திரும்பினேன். பேர் மாற்றாதது சரி, அது ஆர்.டி.ஓ. ஆபீஸ் சமாச்சாரம். ஆனால் நம்பரை மாற்ற ஒரு வார்த்தை போதும். "ஏண்டா?"

அவன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தூக்கி நிறுத்தியிருந்த வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சைக்கிளக்கூட வச்சுக்கத் தெரியாதவன்னு சொன்னியே. அவ முன்னால. வருஷா வருஷம் சர்வீஸ் விடுறேனா இல்லையான்னு நீ தெரிஞ்சுக்கணும்ல? அதான்."

நான் குறுகுறுப்போடு படித்த ஒவ்வொரு மெசேஜும் எனக்கு அவன் அனுப்பிய பதில். செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை இல்லையாம். செவ்வாயில் உன் அம்மா என்னை எங்கும் கிளம்ப விடமாட்டாள், வீட்டில் உட்கார்ந்து மெசேஜைப் பார்ப்பேன் என்று கணக்குப் போட்டிருக்கிறான். கோபத்தைச் சேர்த்து வைப்பதில் நான்தான் பெரியவன் என்று நினைத்திருந்தேன். தம்பி என்னைத் தாண்டிவிட்டான். அவன் அந்தப் பழைய நம்பரைச் சொல்லிக்கொண்டிருக்காவிட்டால் அந்த எச்சரிக்கை அவனுக்கு நேராகவே போயிருக்கும், உடனே வண்டியை வெளியே நிறுத்தியிருப்பான், அல்லது இன்னொரு ஃபார்வர்டு என்று தள்ளியிருப்பான். இரண்டில் எது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வெளியே வரும்போது அவனே சொன்னான். "இவ்வளவு தூரம் வந்தாச்சு. ஃபாரத்துல கையெழுத்துப் போடுண்ணே, பேர மாத்திடுவோம். எனக்கு வர வேண்டியதெல்லாம் உனக்கு வந்துக்கிட்டிருந்தா எப்படி?"

"ஆடியில எவனாவது பேர் மாத்துவானா?" என்றேன். "கழியட்டும்."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். ஆடிக்கும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கவில்லை.

உன் கேள்விக்கு வருகிறேன். நண்பனிடம் தாராளமாக வாங்கு. வண்டியில் எதைச் சோதிப்பதானாலும் அவன் உள்ளே போயிருக்கும்போது சோதி. வண்டியில் கம்பெனி திரும்பக் கூப்பிட்ட குறை ஏதாவது இருக்கிறதா என்று நம்பரைச் சொல்லி நீயே விசாரி. அந்த வாரமே பெயரையும் போன் நம்பரையும் மாற்றிவிடு, எந்த மாதமாக இருந்தாலும். அவன் உன் நண்பன்தான், தம்பி இல்லை.

ஆவணி பிறந்துவிட்டது. கையெழுத்துப் பேச்சை நானும் எடுக்கவில்லை, அவனும் எடுக்கவில்லை. நேற்று ஒரு மெசேஜ் வந்தது. காவிரிப் பாலத்தில் சீட் பெல்ட் போடாமல் போனதற்கு அபராதம், படத்தோடு. படத்தில் அவன் வாயைத் திறந்து எதையோ பாடிக்கொண்டிருந்தான். உடனே போன் போட்டு நன்றாகத் திட்டினேன். அவனும் திருப்பித் திட்டினான். உன் அம்மா சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போகும் வரைக்கும் பேசிக்கொண்டிருந்தோம்.